திரையில் வந்த பெயர்

அவருக்கு யார் போன் செய்தாலும் எடுத்தவுடன் கேட்கிற முதல் வார்த்தை "யாரு?" என்பதுதான். ஹலோ கிடையாது, வணக்கம் கிடையாது. கைபேசித் திரையில் நம் பெயர் பளிச்சென்று தெரிந்துகொண்டிருக்கும். அவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். ஆனாலும் கேட்பார். நாம் வாயைத் திறந்து பெயரைச் சொன்னால்தான் பேச்சு நகரும். "நான்தான்" என்றால் போதாது. "நான்தான்னா யாரு?" என்று மறுபடியும் வரும்.

எனக்கு ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வரும். காலை நேரத்தில் வரவேற்பு மேசைக்கு முன்னால் கூட்டம் நெரிகிறது, உள்ளே ஸ்கேன் அறைக்குப் போகிற லைன் செத்துக் கிடக்கிறது, அவசரத்துக்குக் கூப்பிட்டால் இந்த விசாரணை. "அண்ணே, ஒங்க தங்கச்சிதேன், ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன், சிரிச்ச மொகம், நெட்டை உருவம், போதுமா?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அவர் நிதானமாக, "பேரைச் சொல்லு தங்கச்சி" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "ம். இப்பச் சொல்லு, என்ன கோளாறு?" என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கூப்பிடுகிறவர் யார் என்று திரையில் காட்டுவதுதான் அந்த மனிதருடைய தொழிலே.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பார்க்கிறவர்களை எல்லாம் "ஒங்க பேரு எப்புடி வரணும்?" என்று கேட்டுக் கேட்டுப் பதிந்தவர் அவர். அவரைக் கேட்காமல் எழுத எனக்குக் கை வரவில்லை. கேட்கலாம் என்றால் அவருடைய பழைய எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று சொல்கிறது. அந்த எண்ணுக்கு மறுபடி கூப்பிட்டுப் பார்க்கவும் பயமாக இருக்கிறது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கோரிப்பாளையம் தர்காவைத் தாண்டி உள்ளே போகிற தெருவில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி. ஒத்தக்கடையிலிருந்து பஸ் பிடித்து வந்து அங்கே வரவேற்பு மேசையில் சில வருடங்கள் உட்கார்ந்திருந்தேன். பழைய டெலிபோன் பெட்டியைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் ஓடுகிற புது ஏற்பாட்டைப் பொருத்தத்தான் அவர் முதலில் வந்தார். நாற்பது வயது இருக்கும். கொட்டாம்பட்டிப் பக்கம் கிராமம். எம்.சி.ஏ. படித்தவர். பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மதுரையிலேயே பள்ளிக்கூடம், மில், ஆஸ்பத்திரி என்று டெலிபோன் ஏற்பாடு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். பெட்டிகள் இருக்கும் பின் அறைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி வெளியே விடுவார். ஏன் என்று கேட்டால், "தூசி உள்ள போயிரும் தங்கச்சி" என்பார். அந்த அறையில் ஏற்கெனவே இருந்த தூசிக்கு அவர் செருப்பு எம்மாத்திரம்!

அவர் போட்ட மென்பொருள் யாருக்கும் சொந்தமில்லாதது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து சும்மாவே எழுதி வைத்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஓட்டை கண்டால் அடைத்தும் அனுப்பலாம். மற்றவர்கள் பார்த்துச் சரி என்றால் அந்தத் திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேரும். "நம்ம ஊர்ல கம்மாயில தூர் அள்ளுவோம்ல, ஆளுக்கு ஒரு கூடை. அம்புட்டுத்தேன்" என்று எனக்கு விளக்கினார். அவரும் அதில் கூடை எடுத்தவர்.

ஒரு அழைப்பு வந்தால் அந்த மென்பொருள் கண் இமைக்கும் நேரத்தில் வெளியே ஒரு பொதுத் தொகுப்பில் போய், இந்த எண் யாருடையது என்று கேட்கும். அந்தத் தொகுப்பு எப்படிச் சேர்ந்தது? ஊரில் உள்ளவர்கள் அவரவர் கைபேசியில் இந்த எண்ணை என்ன பெயரில் வைத்திருக்கிறார்களோ, அதெல்லாம் சேர்ந்தது. எந்தப் பெயரை அதிகம் பேர் வைத்திருக்கிறார்களோ, அது திரையில் வரும்.

சோதனை ஓட்டம் நடந்த வாரம் எங்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. நம்மை ஊரார் என்ன பெயரில் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வரிசை கட்டி நின்றோம். மேனேஜர் தன் கைபேசியிலிருந்து கூப்பிட்டார், 'தூங்குமூஞ்சி மேனேஜர்' என்று வந்தது. ஆம்புலன்ஸ் டிரைவருக்கு 'மெதுவா போறவர்'. நான் ஆசையாகக் கூப்பிட்டேன். 'சிடுசிடு ரிசப்ஷன்'. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கொஞ்சம் அழுகை வந்தது உண்மை. அவரும் அன்றைக்கு எங்களோடு சேர்ந்து சிரித்தவர்தான். அப்போதெல்லாம் அவருக்கு யார் போன் செய்தாலும் ஹலோ என்றுதான் எடுப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் புது ஏற்பாட்டுக்குப் பூஜை. பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, என் மேசைத் திரைக்கு மல்லிகைச் சரம் சுற்றி, சூடம் கொளுத்தினார்கள். புது லைனில் முதல் அழைப்பு பெரிய டாக்டருடைய அம்மாவிடமிருந்து வர வேண்டும் என்று மேனேஜர் ஏற்பாடு. அந்த அம்மா அங்கே நல்ல நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இங்கே டாக்டர்கள், நர்ஸுகள், நாங்கள் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மணி அடித்தது. திரையில் வந்த பெயர்: 'வெட்டியான்'.

சூடம் எரிந்துகொண்டிருந்தது. மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா, ஆஸ்பத்திரிக்கு மொத போனே வெட்டியானா! எடுக்காதம்மா" என்று சொல்லி, எனக்கு முன்னால் கை நீட்டி அவரே அழைப்பைத் துண்டித்தார். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தார். மறுபடியும் அடித்தது. கடைசியில் வயரையே பிடுங்கிவிட்டார். குடும்பத்தில் சாவு விழுந்தால்தான் அந்த ஆளைத் தேடுவார்கள். அவன் தானாக நம்மைத் தேடி வந்தால் என்ன அர்த்தம் என்று ஒரு நர்ஸ் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது.

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு பின் அறை வாசலில் நின்றிருந்தார். திரையில் பெயருக்குக் கீழே எண்ணும் வந்திருந்தது. ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "வயரைச் சொருகிருறேன் சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு பெரிய டாக்டரின் அம்மா கூப்பிட்டார், எல்லோரும் கை தட்டினோம், லட்டு கொடுத்தார்கள்.

மதியம் நான் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் படிக்கட்டுப் பக்கம் போனேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாப்பா. வந்துச்சுப்பா... ஒம்பேருதேன். எல்லாரும் பாத்தாக."

திரும்பியவர் என்னைக் கண்டதும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் புரிய அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. மீதியை அவரே சொன்னார். அப்பாவுக்குப் போன வருடம்தான் ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். காலையில் கிளம்பும்போது, "இன்னைக்குத்தேன் ஆரம்பம். நீ கூப்புட்டா அங்கன திரையில ஒம்பேரு வரும் பாரு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவருடைய கைபேசியில் அந்த எண் எப்போதும் 'அப்பா'தான். மற்றவர்கள் அதை என்ன பெயரில் வைத்திருப்பார்கள் என்று பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

"எங்கப்பா பேரு அழகுமலை தங்கச்சி" என்றார். "ஊர்ல சின்னப்புள்ளைக கூட அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட்டது இல்லை. சாவு விழுந்தா 'ஏ வெட்டியான்'னு ஒரு சத்தம். போன் வந்தப்புறம் சத்தத்துக்குப் பதிலா நம்பர். அவ்வளவுதேன் வித்தியாசம்."

அன்றைய தினத்திலிருந்துதான் இந்த "யாரு?" ஆரம்பித்தது.

திரையை அவர் நம்புவதை விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவரிடமும் போய், "ஒங்க பேரு எப்புடி வரணும்?" என்று கேட்டு உள் லைன்களுக்கெல்லாம் பெயரை மாற்றினார். துப்புரவு அறைக்கு 'ஆயா ரூம்' என்று இருந்தது. அந்தம்மாவிடம் போய்க் கேட்டார். கேட்டவுடன் அந்தம்மாவுக்கே தன் பெயர் சட்டென்று வாயில் வரவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "காளீஸ்வரிங்க" என்றார். மறுநாள் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "யாரும்மா இந்தக் காளீஸ்வரி, புது டாக்டரா?" என்று கேட்டார். மேனேஜர் குதித்தார். எனக்கோ சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. காளீஸ்வரி அம்மாவும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு போன் அடித்தால் அந்தம்மா, "காளீஸ்வரி பேசுறேன்" என்று சொல்லித்தான் எடுத்தார்.

உள் லைன்கள் எளிது. வெளியிலிருந்து வருகிற எண்கள்தான் அவரைப் பாடாய்ப் படுத்தின. அப்பாவின் எண்ணுக்கு எங்கள் கம்ப்யூட்டரில் 'அழகுமலை' என்று தன் கையால் அடித்து வைப்பார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மறுபடி 'வெட்டியான்' என்று இருக்கும். நாம் ஒரு பெயரைக் கொடுத்தாலும், வெளித் தொகுப்பிலிருந்து அதிகம் பேர் சொல்கிற பெயரைக் கொண்டுவந்து அதன் மேல் எழுதிவிடும்படிதான் அந்த மென்பொருளைச் செய்திருந்தார்கள். ஒருநாள் காலை நான் வரும்போது அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்த பெயர் அழிந்து பழைய பெயர் வந்திருந்தது. அழிக்க அழிக்க அது எழுந்து வருவதைப் பார்க்க எனக்கும் பயமாக இருந்தது. பகல் வெளிச்சத்தில், கூட்டத்துக்கு நடுவில் வரும் பயம் அது.

அவருடைய அப்பாவுக்குக் குடலிறக்கம் இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்வதாக ஏற்பாடு. "தை பொறக்கட்டும், வாரேன். வந்து எம்பேரையும் பாத்துட்டு, வயித்தையும் பாத்துட்டுப் போறேன்" என்று பெரியவர் சொல்லியிருந்தார். அதற்குள் மென்பொருளையே திருத்தியாக வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். இங்கே ஒரு கம்ப்யூட்டரில் தகிடுதத்தம் செய்து அந்த ஒருநாள் மட்டும் பெயரைக் காட்டியிருக்கலாம். அதைச் சொன்னதும் நான்தான். என்னை முறைத்தார்.

"ஒருக்கா பொய் சொல்லிட்டேன் தங்கச்சி, அதுவே போதும்" என்றார்.

அவர் அனுப்பிய திருத்தம் சின்னதுதான். எண்ணுக்கு உரியவர் தன் வாயால் பெயரைச் சொல்லியிருந்தால், மற்ற யார் என்ன சொன்னாலும் அது மாறக் கூடாது. அவர் சொல்லாவிட்டால், ஊரார் வைத்த பெயரைக் காட்டாமல் 'பெயர் கேட்கவும்' என்று காட்ட வேண்டும். மாற்ற வேண்டுமானால் உரியவரே வந்து மாற்ற வேண்டும். இவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கம் எந்தெந்த நாட்டிலோ இருந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நூறு பேர் ஒரு பெயரைச் சொன்னால் அதுதானே சரியாக இருக்கும், ஒருவர் தன்னைப் பற்றிப் பொய் சொல்லலாமே என்று ஒருவர் எழுதினார். அதுவும் நியாயமான கேள்விதான். ஏமாற்றுக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து பதில் அடிப்பார், அழிப்பார், மறுபடி அடிப்பார்.

"பேருக்கு ஓட்டெடுப்பு நடத்துவாகளா தங்கச்சி?" என்று என்னைக் கேட்டார்.

"அண்ணே, ஒங்கப்பா கதையை எழுதிப் போடுங்கண்ணே. கல்லும் கரையும்" என்றேன்.

"எழுத மாட்டேன். அதை எழுதுனா எங்கப்பாவுக்காகத்தேன் மாத்துவாய்ங்க. எல்லாருக்காகவும் மாத்தணும்."

வாரக்கணக்கில் நடந்தது. மார்கழி முடியப் போகிற நேரத்தில் ஒருநாள் பின் அறையிலிருந்து வந்து, என் மேசையில் ஒரு பொட்டலம் பால்கோவாவை வைத்துவிட்டு, "ஒத்துக்கிட்டாய்ங்க" என்று மட்டும் சொன்னார். மூக்கு சிவந்திருந்தது.

தை மாதம் பெரியவர் வந்தார். ஒல்லியான உருவம், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. வாசலில் மேனேஜரைக் கண்டதும் துண்டு தானாக இறங்கிக் கக்கத்துக்குள் போனது. மகன் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து மறுபடி தோளில் போட்டார். நான் பெரியவரை எனக்கு எதிர் பெஞ்சில் உட்கார வைத்தேன். மகன் சொன்னபடி அவர் தன் பட்டன் போனில் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி என் மேசைக்குக் கூப்பிட்டார். மணி அடித்தது. நான் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயரின் எழுத்துகள் மட்டும் தெரியும். எழுந்து கிட்டத்தில் வந்து, விரலைத் திரையில் படாமல் வைத்து எழுத்துக் கூட்டினார். "அ... ழ... கு..." முழுக்கச் சொல்லவில்லை. மேல் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இதை ஊருக்குள்ளயும் பாப்பாகளா தாயி?" என்று என்னைக் கேட்டார்.

நான் மகனைப் பார்த்தேன். "இல்லைப்பா. இந்த மிசினு வச்சிருக்க எடத்துலதேன் வரும். ஊர்ல அவிங்கவிங்க போன்ல அவிங்க எழுதுனதுதேன் வரும்" என்றார் அவர்.

"அது கெடக்குது" என்றார் பெரியவர். பிறகு மகனிடம் கொஞ்சம் தணிந்த குரலில், "அன்னைக்கு வந்துச்சுன்னு சொன்னியே, வரலைன்னு எனக்குத் தெரியும்ப்பா. என் பேரு வந்துருந்தா போனை ஏன் கட் பண்ணிக்கிட்டே இருக்கப் போறாய்ங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மகன் செருப்பில்லாத தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பெரியவர் ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு வாரத்தில் ஒருநாளாவது பதினொரு மணி வாக்கில் என் மேசைக்கு அழைப்பு வரும். 'அழகுமலை'. எடுத்தால், "நாந்தேன் தாயி. பேரு வந்துச்சா?" என்பார். "வந்துச்சுங்கய்யா." "சரி, வச்சிரு." அவ்வளவுதான் பேச்சு. ஒருநாளும் நான் சலித்துக்கொண்டதில்லை. 'சிடுசிடு' என்று என்னை வைத்திருந்தவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்து வந்த ஐப்பசியில் பெரியவர் இறந்துபோனார். மழை விடாமல் பெய்த வாரம். தலைமை நர்ஸும் நானும் கொட்டாம்பட்டி போய் இறங்கி, ஆட்டோ பிடித்து அவர்கள் தெருவுக்குப் போனோம். பெரியவரை வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டைப்பையில் அப்பாவின் பட்டன் போன் இருந்தது. அது அடித்தது.

அவர் எடுத்து, வழக்கம்போல, "யாரு?" என்றார்.

பட்டன் போனில் எதிராளி பேசுவது பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும். "என்னடா யாரு? கொரலு தெரியலையா? இங்கன எங்க பெரியப்பா போய்ச் சேந்துட்டாரு. வெரசா வந்து எடத்தைப் பாரு, மழைக்குள்ள முடிக்கணும்" என்றது ஒரு அதட்டல் குரல்.

"அவரு இல்லைங்க."

"இல்லையா? இந்த நேரத்துல எங்க போயிட்டான்?"

அவர் முன்னால் கிடந்த அப்பாவைப் பார்த்தார். அந்தக் குரல், "ஏய், ஒன்னையத்தான் கேக்குறேன், எங்க போயிட்டான்?" என்று மறுபடி மறுபடி கேட்டது. கொட்டகையில் ஒப்பாரி கூட நின்றுவிட்டது. எங்கே போனான் என்கிற அந்தக் கேள்வி இன்றைக்கும் சில நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது என் காதில் வரும்.

அதற்குப் பிறகும் அந்தப் போன் ஓயவில்லை. சுற்றுப்பட்டியில் சாவு விழுந்தால் அடித்தது. கொஞ்ச காலம் சட்டைப்பையிலேயே வைத்திருந்து, ஒவ்வொருவருக்கும் "இறந்துட்டாருங்க" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு ஒருநாள் சிம் அட்டையைக் கழற்றி எடுத்துவிட்டார். மனிதர் அப்புறம் சரியாக இல்லை. போனை எடுத்து "யாரு?" என்று கேட்பார், முன்பெல்லாம் பெயரைச் சொல்லும்வரை பொறுமையில்லாமல் காத்திருப்பவர், இப்போது வேறு மாதிரி காத்திருந்தார். "எனக்கே யாருன்னு கேக்குறாருங்க. சொன்னதுக்கப்புறமும் ஒரு நிமிசம் சத்தமே இல்லை. வேற யாரோ பேசப்போறாகன்னு காத்துக்கெடக்காப்ல இருக்கு" என்று அவருடைய மனைவி என்னிடம் வருத்தப்பட்டார். நானும் கவனித்திருந்தேன். நம் பெயரைச் சொன்னதும் அவரிடம் லேசாக ஒரு ஏமாற்றம் தெரியும்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் மதியம் புறநோயாளிகள் கூட்டம் வடிந்து, நான் தயிர்சாதத்தைத் திறக்கப் போகிற நேரம். ஏதோ பராமரிப்பு வேலையாக அவர் பின் அறையில் இருந்தார். மணி அடித்தது. திரையைப் பார்த்தேன்.

'அழகுமலை.'

எனக்குக் கை ஓடவில்லை. வெளியே தர்கா பக்கம் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, வெயில் தரையில் விழுந்திருந்தது, திரையில் செத்துப்போன மனிதர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் "அண்ணே" என்று கூப்பிட்டேனா, கத்தினேனா, தெரியவில்லை. அவர் வந்து நின்றார். பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் வந்தது சந்தோஷம்தான், வேறு எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் எடுக்குறேன்" என்றார். அவசரத்தில் ரிசீவரை எடுப்பதற்குப் பதிலாக ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கிவிட்டார். "யாரு?" என்றார்.

ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல். "ஆஸ்பத்திரிங்களா? பிள்ளைக்குத் தடுப்பூசி போட என்னைக்கு வரணும்ண்ணே?"

அவர் மெல்ல என் நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன நடந்திருக்கிறது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கழற்றிப் போட்ட எண்ணைக் கம்பெனிக்காரர்கள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். உரியவர் வந்து மாற்றும் வரை பெயர் மாறக் கூடாது என்று பூட்டுப் போட்டது இவரேதான்.

"யாரு பேசுறதும்மா?"

"ஜெயப்பிரியாண்ணே. உசிலம்பட்டிப் பக்கத்துல இருந்து."

"ஒங்க பேரு இங்கன திரையில எப்புடி வரணும்மா?"

அந்தப் பெண் தயங்கியது. "ஏண்ணே, இப்ப என்ன பேரு வருது? வெட்டியான்னு வருதாண்ணே?"

பதிலுக்கு நிற்காமல் அது அழுகிற குரலில் கொட்டித் தீர்த்தது. "இந்த நம்பரை வாங்குனதுல இருந்து நிம்மதியே இல்லைண்ணே. எங்கிட்டோ மேலூர்ப் பக்கம் இருந்து கூப்புட்டு, குழி வெட்ட வான்னு சொல்றாய்ங்க. நான் இன்னாருன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாய்ங்க, வெட்டியானைக் கூப்புடுங்குறாய்ங்க. பச்சப்புள்ள இருக்க வீட்டுல இப்புடிப் போன் வருதேன்னு எங்கத்தை அழுகுறாக. யாருண்ணே அந்த ஆளு? ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. எங்கப்பா."

"அய்யய்யோ, மன்னிச்சுக்கங்கண்ணே" என்றது அந்தப் பெண்.

"நீ என்னம்மா செய்வ?" என்று சொல்லிக்கொண்டே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். 'அழகுமலை' என்று இருந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக அழித்து, 'ஜெயப்பிரியா' என்று அடித்தார். சேமித்தார். உலகத்தில் எந்த எண்ணுக்கு நேராகவும் அவருடைய அப்பாவின் பெயர் அதற்குப் பிறகு இல்லை. அந்தச் சுற்றுப்பட்டிக் கைபேசிகளில் எல்லாம் அந்த மற்றப் பெயர் அப்படியேதான் இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"அம்மா, எனக்கு ஒரு ஒதவி செய்வியா?" என்றார் அவர்.

"சொல்லுங்கண்ணே."

"இனிமே அப்புடி யாராச்சும் கூப்புட்டா, அழகுமலை இறந்துட்டாருன்னு சொல்லு."

"அவிங்க வெட்டியான் இருக்கானான்னுதானண்ணே கேப்பாய்ங்க?"

"கேக்கட்டும். நீ அழகுமலைன்னு சொல்லு."

"சரிண்ணே. அழகுமலை இறந்துட்டாரு. சொல்லிருறேன்" என்றது அந்தப் பெண். போனை வைக்காமலேயே பக்கத்தில் யாரிடமோ திரும்பி, "அத்தை, அந்தப் போனுக்காரரு இறந்துட்டாராம். அழகுமலைன்னு பேராம்" என்றது.

"அழகுமலையா? நல்ல பேராவுல இருக்கு" என்றார் ஒரு வயதான அம்மா. "அடுத்து எவனாச்சும் கூப்புட்டா எங்கிட்டக் குடுடி, நான் சொல்றேன்."

அவர் குனிந்து, ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.